எக்ஸ்பிரஸ் காசு

அக்காவின் பேக்கரியில் மாவு பிசையும் மெஷின் நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கடகடவென்று நாலு சத்தம், கடைசியாக 'டொக்' என்று ஒன்று, அவ்வளவுதான். மோட்டார் மட்டும் வேலைவெட்டி இல்லாதவன் மாதிரி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா மாவுக் கையோடு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பிக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாக ஒரு ரிப்பேர்ப் பட்டறை வைத்திருந்தார். ஊரில் அவரைப் 'பல்டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். மனுஷப் பல் இல்லை, சக்கரத்துப் பல். தேய்ந்த பல்சக்கரம், உடைந்த செயின், கத்துகிற பேரிங் எதுவானாலும் அவரிடம்தான் வரும். பெயர் வைத்தது அக்காவின் வீட்டுக்காரர், மாமா. மச்சானைக் கிண்டல் பண்ண வைத்த பெயர். சொந்தப் பெயரை ஊரே மறந்துபோகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

பல்டாக்டர் வந்து மெஷினின் அடிப்பெட்டியைத் திறந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு வெண்கலச் சக்கரம், ஒரு பக்கம் முழுக்க வழுவழுவென்று மழித்துவிட்ட மாதிரி இருந்தது.

"பல்லெல்லாம் போச்சுக்கா. ஈறுதான் மிச்சம்."

"உன் ஜோக்கைத் தூக்கிக் குப்பையில போடு. நீயே ஒண்ணு செஞ்சு மாட்ட முடியாதா?"

"இது சாய்ஞ்ச பல்லு. வெட்டுறதுக்கு என்கிட்ட மெஷின் கிடையாது. கம்பெனிக்கு ஆர்டர் போடணும்."

"எப்ப வரும்?"

"சாதா வண்டியில போட்டா வாரம் பத்து நாள். எக்ஸ்பிரஸ்னா ரெண்டாம் நாளே கையில இருக்கும். ஆனா அதுக்குத் தனியா எழுநூறு கேப்பான்."

அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எக்ஸ்பிரஸ்லயே போடு. மெஷின் நின்னா என் பொழைப்பே நின்ன மாதிரி." கல்லாவிலிருந்து சக்கரத்துக்கான பணத்தையும் மேற்கொண்டு எழுநூறையும் எடுத்தாள். தம்பியின் கையெல்லாம் கிரீஸ் என்பதால் அவளே அவர் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தாள்.

அந்தக் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் ஒரு பெரிய நகரம். அங்கே இருக்கிற மொத்த வியாபாரக் கம்பெனி அது. பெல்ட், பேரிங், செயின், பல்சக்கரம் என்று பட்டறைக்கு வேண்டிய சகலமும் கிடைக்கும். அவர்களுக்கு ஒரு விதி உண்டு. பில் பத்தாயிரத்தைத் தாண்டினால் சாதா வண்டியில் அனுப்புகிற செலவு கம்பெனியைச் சேர்ந்தது. தாண்டாவிட்டால் வாங்குகிறவர் தலையில் நானூறு. அதனால் பல்டாக்டர் நாலைந்து பேருடைய சாமானைச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுவார். அதில் தப்பொன்றும் இல்லை, கெட்டிக்காரத்தனம்தான். தப்பு வேறு இடத்தில் இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், ஒருவரிடம் "அனுப்புற செலவு நானூறு" என்று சொல்லி வைத்திருந்தார். அதற்குள் இன்னொரு ஆர்டர் சேர்ந்து, செலவே இல்லாமல் போய்விட்டது. அதைச் சொல்வதற்கு முன்னாலேயே அந்த ஆள் நானூறை நீட்டிவிட்டார். பல்டாக்டர் அதை வாங்கிப் பையில் போட்டார். ஒன்றும் ஆகவில்லை, வானம் இடிந்து விழவில்லை. அன்றைக்குப் பிறகு நாலு பேர் சாமான் ஒரே பெட்டியில் இலவசமாக வந்தாலும் நாலு பேரிடமும் நானூறு நானூறாக வாங்குவது வழக்கமாகிவிட்டது. தப்பான சாமானைத் திருப்பி அனுப்புகிறோம், போனுக்குச் செலவழிக்கிறோம், கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாகப் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஆனால் கூட்டியதும் இல்லை, கழித்ததும் இல்லை.

அக்கா விஷயத்தில் அவர் உண்மையாகவே எக்ஸ்பிரஸ் போடத்தான் நினைத்தார். அன்று மத்தியானம் பட்டறையில் உட்கார்ந்து ஆர்டர் எழுதினார். கையில் இருந்த மற்றவர்களின் சாமானோடு அக்காவின் சக்கரத்தைச் சேர்த்தால் ஏழாயிரம் வந்தது. அச்சகம் வைத்திருக்கும் பிரஸ்காரர் நாளைக்கு இரண்டு பெல்ட் சொல்கிறேன் என்றிருந்தார். அது சேர்ந்தால் பத்தாயிரம் தாண்டும். ஒருநாள்தானே, அக்கா என்ன வேற்று மனுஷியா என்று பேனாவை மூடி வைத்தார்.

பிரஸ்காரர் மறுநாள் வரவில்லை. வெள்ளிக்கிழமைதான் வந்தார். ஆர்டர் வெள்ளிக்கிழமை போயிற்று, சாதா வண்டியில். எழுநூறு அதற்குள் பல்டாக்டருடைய வண்டியின் பின்சக்கரத்தில் புது டயராக மாறியிருந்தது.

அந்த நாட்களில் அக்கா கையால் மாவு பிசைந்தாள். ஒருநாளைக்கு நாற்பது கிலோ. மாமா அடுப்பை விட்டு நகர முடியாது. பாக்கெட் போடுகிற பெண் கொஞ்சம் கைகொடுத்தாள், ஆனாலும் பெரும்பாடு அக்காவுக்குத்தான். பெரிய மரத்தொட்டியில் குனிந்து, இரண்டு முஷ்டியாலும் குத்திக் குத்திப் புரட்டுவாள். மூன்றாம் நாள் மணிக்கட்டு வீங்கியது. ஐந்தாம் நாள் துணியைச் சுற்றிக்கொண்டு பிசைந்தாள். ஏழாம் நாள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கப் போய்க் கீழே போட்டாள்.

பல்டாக்டர் தினமும் சாயங்காலம் அந்தப் பக்கம் போவார். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். நாலாம் நாள் அக்கா கேட்டாள்: "என்னடா, ரெண்டே நாள்னு சொன்ன?"

வாய் தானாகவே பேசியது. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்க்கா. எக்ஸ்பிரஸ் காசை வாங்கிட்டுச் சாதா வண்டியில தூக்கிப் போட்டுட்டான்."

"அடப்பாவிங்களா!"

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. ஆனால் அக்கா அதோடு விடுகிற ஆள் இல்லை. பன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கம்பெனியின் மானத்தைக் கப்பலேற்றினாள். "என் தம்பி வாயில்லாப் பூச்சி, அதான் அவன் தலையில மொளகா அரைக்கிறானுங்க" என்று அவள் சொல்வது ஒருநாள் தெருவரை கேட்டது. வாசலில் வண்டியை நிறுத்திய பல்டாக்டர், உள்ளே போகாமல் திரும்பிவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா பட்டறை வாசலில் நின்றாள். நல்ல புடவை, தோளில் பை, வலது மணிக்கட்டில் கட்டு.

"கிளம்பு."

"எங்கக்கா?"

"கம்பெனிக்கு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

"ஐயோ, எதுக்குக்கா அவ்ளோ தூரம்? நான் போன்லயே பேசிக்கிறேன்."

"போன்ல பேசிப் பேசித்தான் உன்னை ஏமாத்துறாங்க. மாமா கடையைப் பாத்துப்பாரு. சட்டையை மாத்து."

கையில் வேலை இருக்கிறது என்றார். தலைவலி என்றார். இன்றைக்குக் கம்பெனி லீவு என்று ஒரு பொய்யை எடுத்தார். அக்கா நேற்றே போன் பண்ணி, திறந்திருக்கும் என்று கேட்டு வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் கிளம்பினார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன பேச வேண்டும் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். டிக்கெட்டுக்கு அவர் பையில் கைவிட்டபோது கையைத் தட்டிவிட்டாள். "உனக்கு ஏற்கனவே நஷ்டம்." பல்டாக்டருக்கு, இப்போது சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. அடுத்த நிறுத்தத்தில் சொல்லலாம். அடுத்த நிறுத்தம் வந்தது. ஒரு ஆள் மூட்டையோடு ஏறினார், பஸ் கிளம்பிவிட்டது. ஆறு நிறுத்தம் அப்படியே போயிற்று.

கம்பெனியின் கவுண்டர் ஒரு நீளமான கூடத்தில் இருந்தது. புது அட்டைப்பெட்டி வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து அடித்தன. டோக்கன் வாங்கிக்கொண்டு பதினைந்து இருபது மெக்கானிக்குகள் பெஞ்சுகளில் காத்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணின் குரலைக் கேட்டதும் பல்டாக்டருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆறு வருஷமாகப் போனில் ஆர்டர் எடுக்கிற அதே குரல். முகத்தை இன்றுதான் பார்க்கிறார். ஒல்லியான பெண், முப்பது வயதுகூட இருக்காது.

அக்கா பட்டறைப் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "பல்டாக்டர் அண்ணாவா? அட, நேர்லயே வந்துட்டீங்களா! உள்ள வாங்கண்ணா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி எல்லாம் இருக்கட்டும்" என்று அக்கா ஆரம்பித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "அண்ணா அண்ணான்னு கூப்பிட்டுட்டே அந்த அண்ணன் கழுத்தை அறுக்கிறீங்களே, இது நியாயமா? எக்ஸ்பிரஸ்னு எழுநூறு வாங்கினீங்க இல்ல? அப்புறம் எதுக்கு சாதா வண்டியில போட்டீங்க? இதோ பாரு என் கையை! ஒம்போது நாளா மாவு பிசையுறேன். ராத்திரி சோறு பிசைய முடியல எனக்கு. உங்க வீட்டு அம்மாவா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் கம்ப்யூட்டரைத் தட்டினாள். திரையைப் படித்தாள். மறுபடி ஒருமுறை படித்தாள். பிறகு மெதுவாகக் கண்ணை உயர்த்தி, அக்காவின் தோளுக்கு மேலாகப் பல்டாக்டரைப் பார்த்தாள்.

அவர் தலையை லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்று அசைத்தார். அப்போது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசியிருக்கிறது.

அந்தப் பெண் அக்காவிடம் திரும்பினாள். "எங்க பக்கம்தான் ஏதோ தப்பு நடந்திருக்கு மேடம். மன்னிச்சுக்கோங்க. உங்க பார்சல் இங்கதான் இருக்கு, இப்பவே எடுத்துத் தரேன்."

"மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்றது? எழுநூறைத் திருப்பிக் குடு!"

அவள் தயங்கினாள். கை மேஜைக்குக் கீழே போயிற்று. அங்கே அவளுடைய சொந்தக் கைப்பை இருந்ததைப் பல்டாக்டர் பார்த்தார். ஜிப் பாதி திறந்த சத்தமும் கேட்டது. அப்போதாவது அவர் வாயைத் திறந்திருக்கலாம்.

அதற்குள் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மேனேஜர் வந்துவிட்டார். "என்ன பிரச்சினை?" என்று திரையைத் தன் பக்கம் திருப்பினார். "சாதா வண்டின்னுதான் ஆர்டரே வந்திருக்கு. எக்ஸ்பிரஸ் காசு ஒரு பைசா வாங்கல. பில் பத்தாயிரம் தாண்டினதால மத்த செலவும் இல்ல." அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "நீ எதுக்கு நம்ம தப்புன்னு சொன்ன? இத்தனை பேர் முன்னாடி கம்பெனி பேரைக் கெடுக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யார்கிட்ட கதை விடுறீங்க?" அக்கா மேனேஜரிடம் பாய்ந்தாள். "என் கையால எழுநூறு எண்ணிக் குடுத்திருக்கேன், செவ்வாய்க்கிழமை!"

"ஆர்டர் வெள்ளிக்கிழமை வந்ததும்மா."

"வெள்ளிக்கிழமை எப்படி? நான் குடுத்தது செவ்வாய்..."

அக்கா பாதியில் நிறுத்தினாள். ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி அந்தப் பெண்ணின் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த பேரிங் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்க்கா" என்றார். "நான்தான் சாதாவில போட்டேன்."

சொல்லிவிட்டார். ஆனால் அக்காவுக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. பிடிபட்ட பிறகு சொன்னதற்கு என்ன மதிப்பு? பெஞ்சில் யாரோ ஒருவர் செருமினார். வேறொருவர் தன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்களெல்லாம் இவரை மாதிரியே பட்டறை வைத்திருப்பவர்கள்.

அக்கா கவுண்டர் பக்கம் திரும்பினாள். குரல் முழுசாக இறங்கியிருந்தது. "மன்னிச்சுக்கம்மா. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்." மேனேஜரிடம், "அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க சார். தப்பு எங்க வீட்டுது" என்றாள்.

'எங்க வீட்டுது' என்றாள். அவளும் சேர்ந்து திருடினவள் மாதிரி.

பார்சல் பின்னாலிருந்த அலமாரியிலேயே இருந்தது, நாளைய வண்டிக்காக. அந்தப் பெண் எடுத்து வந்து கையெழுத்து வாங்கினாள். "இங்க போடுங்க சார்" என்றாள் பல்டாக்டரிடம்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா பார்சலை மடியில் வைத்துக்கொண்டாள். எல்லார் சாமானும் சேர்ந்து நாலு கிலோ இருக்கும். "குடுக்கா, நான் வெச்சுக்கிறேன்" என்று அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கட்டுப் போட்ட கையை அதன் மேல் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். பாதி வழி வந்ததும் கேட்டாள்.

"பத்தாயிரம் தாண்டினா அனுப்புற செலவே இல்லையாமே. எத்தனை வருஷமா இப்படி வாங்குற?"

"பதினொண்ணு."

"எல்லார்கிட்டயுமா?"

"ம்."

"கால் சரியில்லாத அந்தத் தையல்காரம்மாகிட்டயுமா?"

அவர் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கஷ்டம்னா என்கிட்ட கேட்டிருக்கலாமேடா."

கஷ்டமே இல்லையே என்பதுதான் அவருக்கு உறைத்தது. கஷ்டத்துக்காகச் செய்திருந்தாலாவது ஒரு சாக்கு இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே சக்கரத்தை மாட்டினார். ஒன்றரை மணி நேர வேலை. மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. மாமா அடுப்பிலிருந்து வந்து அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "என்ன டாக்டரே, அங்க போய் ஒரு பிடி பிடிச்சீங்களா? அக்காவும் தம்பியும் சேர்ந்து போனா எவன் தாங்குவான்!"

பல்டாக்டர் அக்காவைப் பார்த்தார். அவள் தொட்டியைக் கழுவிக்கொண்டே, "ஆமா, எழுநூறைத் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் வாயிலிருந்து பொய் வந்து அவர் கேட்டதில்லை. அன்றைக்கு அவருக்காக ஒன்று சொன்னாள். கட்டிய வீட்டுக்காரரிடமே. மறுநாள் அவர் எழுநூறைக் கொண்டுபோய்க் கல்லாவின் மேல் வைத்தபோது, எண்ணாமல் உள்ளே போட்டாள்.

கை சரியாக ஆறு வாரமானது. அதற்கப்புறம் எந்தச் சாமான் வேண்டுமென்றாலும் அக்காவே கம்பெனிக்குப் போன் பண்ணி வரவழைத்துக்கொண்டாள். பல்டாக்டரைக் கூப்பிடுவது மாட்டுவதற்கு மட்டும். அந்தக் கவுண்டர்ப் பெண்ணும் அவளும் ரொம்ப சிநேகிதமாகிவிட்டார்கள் என்று மாமா சொன்னார். இவர் போன் பண்ணினால் அதே பெண்தான் எடுப்பாள். ஆர்டரை மரியாதையாக எழுதிக்கொள்வாள்.

ஒரு மாதம் அவர் தன்னோடேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பில் கட்டுகளைப் பிரித்து வைத்து, யார் யாரிடம் எவ்வளவு என்று குத்துமதிப்பாக எழுதினார். பத்தொன்பது பேர் வந்தார்கள். முதலில் பிரஸ்காரரிடம் போவது என்று முடிவு பண்ணினார். பழகிய மனுஷர், சிரிச்ச முகம்.

பிரஸ்காரர் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து மை துடைத்துக்கொண்டிருந்தார். பல்டாக்டர் உட்காராமலே ஆரம்பித்தார். வரும் வழியில் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் காற்றில் போய்விட்டன. "அண்ணே, பார்சல் செலவுன்னு உங்ககிட்ட வாங்கினது... நிறைய தடவை அப்படி ஒரு செலவே இல்லண்ணே. நான் சும்மா வாங்கிட்டேன்."

பிரஸ்காரர் மைத் துணியைக் கீழே வைத்தார். "அது தெரியுமே" என்றார்.

"தெரியுமா?"

"அஞ்சு வருஷம் முன்னாடி உன் பார்சல் ஒண்ணு தப்பி இங்க வந்துடுச்சு. நான் என் பெல்ட்டுதான்னு பிரிச்சுட்டேன். உள்ள பில்லு இருந்துச்சு, அனுப்புற செலவு பூஜ்யம்னு. மறுபடி ஒட்டி உன்கிட்ட குடுத்தேன். அடுத்த நாள் நீ நானூறு கேட்ட."

"ஏண்ணே அப்பவே கேக்கல?"

"கேட்டா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன். என் வீட்டம்மா வேற ஆளைப் பாருங்கன்னுதான் சொன்னா. நான்தான், வேலை சுத்தமா செய்றான், பாவம், போகட்டும்னு சொன்னேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தப் 'பாவம்' தான் தாங்க முடியவில்லை. ஐந்து வருஷமாக இந்த வாசலில் நின்று எத்தனை தடவை கம்பெனிக்காரன் அநியாயமாகச் செலவை ஏற்றிவிட்டான் என்று அங்கலாய்த்திருக்கிறார். இந்த மனுஷர் ஒவ்வொரு தடவையும் "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டு பணத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குள் உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இன்னும் எத்தனை வீடுகளில் பேசியிருப்பார்கள்?

பணத்தை மேஜையில் வைத்தார். பிரஸ்காரர் அதை எடுத்துப் பாதியை எண்ணி வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளினார். "இவ்வளவு இருக்காதுப்பா. உட்காரு, டீ சொல்றேன்."

உட்கார்ந்து குடித்தார். உள்ளேயிருந்து அந்த வீட்டம்மா வாசல்வரை வந்து, "வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பல்டாக்டர் தம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து பட்டியலை எடுத்தார். பிரஸ்காரர் பெயரை அடித்துவிட்டார். அடுத்த பெயர் தையல்காரம்மா. அந்தம்மாவுக்கும் தெரிந்திருக்குமோ? தெரியாமலே போயிருந்தால், இன்றைக்கு இவர் வாயால்தான் தெரியப்போகிறது. எது மோசம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அன்றைக்குத் தையல்காரம்மா வீட்டுக்கு மட்டும் போனார். மற்ற பதினேழு பேரையும் பார்த்து முடிக்க அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது.